பேபியை வெயிலுக்குக் கூட்டிப்போன காலம்

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் என்னைப் பெரிய பார்க்குக்குக் கூட்டிப்போகிறாள். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். நம் வயதுக்காரர்கள் பலர் அங்கே வருகிறீர்கள், பார்த்திருக்கிறேன். கையை வீசி வீசி நடக்கிறீர்கள். சிலர் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, கீழே வெள்ளைச் சப்பாத்துப் போட்டு நடக்கிறீர்கள். அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நான் நடப்பதில்லை. வாங்குப் பலகையில் இருந்துகொண்டு பார்ப்பேன். பிள்ளைகள் புல்லில் உருண்டு வருவதும், தகப்பன்மார் பந்துக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவதும், யாரோ கொண்டுவந்த சோற்றுப் பார்சலுக்குக் காகம் காத்திருப்பதும் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிடும். வீட்டில் இவ்வளவு சந்தோஷம் எனக்குக் கிடையாது, உண்மையைச் சொன்னால்.

மரங்களுக்குக் கீழே குடை விரித்து அதற்குள் ஒளிந்திருக்கும் சோடிகளையும் கண்டிருப்பீர்கள். மழையும் இல்லை, வெயிலும் அங்கே விழாது, ஆனாலும் குடை. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். நான் சிரிப்பேன். இந்தக் கொழும்பில் அவர்களுக்கு வேறு இடம் ஏது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பார்க்கில் விரித்த குடையைக் கண்டால் என் வலது தோள் தன்பாட்டில் ஒருமுறை வலிக்கும். ஏன் என்று மகள் கேட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, அவள் எழுதினாள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், கூடக்குறைய. தேயிலைத் தோட்டத்திலிருந்து என்னைக் கூட்டிவந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் விட்டார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. யாழ்ப்பாணத்து ஆட்கள். ஐயாவுக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. அம்மா வீட்டோடு. அவரை அம்மா என்றே கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். என்னைப் பெற்றவள் இந்தக் கதையில் வரமாட்டாள், ஆகவே இனி அம்மா என்றால் அவர்தான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஏழு வயது. எல்லாரும் பேபி என்பார்கள். நானும் பேபி என்றேன்.

பேபி நல்ல வெள்ளை. இது எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் ஆச்சரியம், ஏனென்றால் அம்மா என்னைவிடக் கறுப்பு. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்வார்: “என்ன நிறம் பிள்ளை. தங்க விக்கிரகம். வெயிலுக்கை விட்டிடாதையுங்கோ.” அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதையும் உடனே பயப்படுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அன்று பின்னேரம் யன்னல் திரைச்சீலை இன்னும் ஒரு விரற்கடை இழுபடும்.

அந்த வீட்டில் யன்னல்கள் பெரியவை. எல்லாவற்றுக்கும் தடித்த பச்சைத் திரை. வெளியே கடல் வெயிலில் தகரம் மாதிரி மின்னும், ரயில் போகும், உள்ளே எப்போதும் பின்னேரம் மாதிரியே இருக்கும். பேபி வீட்டைச் சுற்றிய வளவுக்குக்கூட இறங்குவதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனால்கூடக் கண்ணாடிக்குச் சீலை கட்டிய வாடகைக் காரில் போவாள். பிறகு கால் வலிக்கிறது என்று அழத் தொடங்கினாள், பள்ளிக்கூடமும் நின்றுபோனது. நடக்கும்போது வாத்து மாதிரி இரண்டு பக்கமும் ஆடுவாள். முழங்காலுக்குக் கீழே கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து இருந்தன. குந்தியிருந்து எழும்ப என் தோளைப் பிடிப்பாள். நான் எழுப்பிவிடுவேன். அதுதான் என் முக்கிய வேலை.

எண்ணெய் தேய்த்தார்கள். கோவிலில் நேர்ந்தார்கள். நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார்கள், நாங்கள் எல்லாரும் இருமினோம். கடைசியில் ஐயா காலி வீதியில் இருந்த டொக்டரிடம் கூட்டிப்போனார். பேபியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன்.

டொக்டர் வயதானவர், யாழ்ப்பாணத்துக்காரர்தான். பேபியின் காலை அமுக்கிப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளை ஆர்?”

“வீட்டில நிக்கிற பிள்ளை, டொக்டர்” என்றார் அம்மா.

“இஞ்ச வா பிள்ளை. நேரா நில்லு.” பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி என் காலைப் பார்த்தார். “இவ என்ன சாப்பிடுறவ?”

“நாங்கள் சாப்பிடுறதுதான். அதே சோறு, அதே பருப்பு. எங்கட வீட்டில மீன், முட்டை ஒண்டும் இல்லை. சைவம்.”

“வெளியில போறவவோ?”

“கடைக்குப் போவாள். வளவு கூட்டுவாள். உடுப்புக் காயப்போடுவாள்.”

“வெயிலுக்கையோ?”

“பின்ன? வெயிலுக்கைதானே டொக்டர் உடுப்புக் காயும்.”

“அப்ப உங்கட மகளை எங்கை காயப்போடுறனீங்கள்?”

ஐயா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. டொக்டரும் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தோம். வெயில் படாததால்தான் எலும்பு இளகிப்போயிருக்கிறது, காலையில் வெயிலில் விடுங்கள், மீனெண்ணெயும் கொடுங்கள் என்றார்.

எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஒரே வீடு, ஒரே சோறு, இரண்டு பிள்ளைகள். ஒருத்தியை எல்லாரும் பொத்திப் பொத்தி வைத்தார்கள். மற்றவளைப் பொத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அவள் கால் நேராக இருந்தது. எனக்குக் கிடைத்த நல்லவற்றில் பாதி, யாரும் என்னைக் கவனிக்காததால் கிடைத்தவை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை, நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மீனெண்ணெய்க் கதையைச் சொல்லாமல் போகக்கூடாது. ஐயா ஒரு போத்தலைக் கடதாசியில் சுற்றி வாங்கிவந்தார். மூடியைத் திறந்ததுதான், அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போத்தலைப் பின்வளவுக்குக் கொண்டுபோய்க் கறிவேப்பிலை மரத்தடியில் கவிழ்த்துவிட்டார். அந்த மரம் பிறகு எப்படிச் செழித்தது என்று கேட்காதீர்கள். கறுகறுவென்று இலை. ஆனால் அதிலிருந்து ஓர் இலை பிடுங்க அம்மா விடவில்லை. மரமும் மீன் தின்றுவிட்டதாம். முன்வளவில் கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு கடையில் வாங்குகிறார்களே என்று மாமி கேட்டதற்கு, அது பூச்சி விழுந்த மரம் என்று சொன்னோம். ஐயோ, பார்த்தீர்களா, பின்வளவு என்றேன், முன்வளவு என்கிறேன். பின்வளவுதான். வேலிக்கு மேலால் தெரியும்.

ஐயா கதிரையில் இருந்துகொண்டு அமைதியாகச் சொன்னார்: “இஞ்சாரும். சைவம் போகக்கூடாதெண்டா வெயில். நிறம் போகக்கூடாதெண்டா மீனெண்ணெய். ரெண்டில ஒண்டைச் சொல்லும்.”

அம்மா இரவு முழுக்க யோசித்திருப்பார் போல. காலையில் கண் வீங்கியிருந்தது. “வெயிலுக்கே கூட்டிக்கொண்டு போறன்” என்றார்.

கடற்கரை நாங்கள் எட்டிப் பார்க்கும் தூரம்தான். ஆனால் அங்கே மாமி பார்ப்பார், ஒழுங்கை முழுக்கப் பார்க்கும். பிள்ளையின் காலில் என்ன என்று கேட்பார்கள். அதனால் தூரத்தில் இருக்கும் பெரிய பார்க்குக்குப் போவது என்று முடிவானது. அப்போது அதை விக்டோரியா பார்க் என்பார்கள். அங்கே நம்முடைய ஆட்கள் குறைவு.

இரண்டு தட்டு பஸ்ஸில் போனோம். எனக்கு அதுவே திருவிழா. பார்க்குக்குள் நுழைந்த முதல் நாள் நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மலையில் எனக்குப் பச்சை தெரியும். ஆனால் அது கொழுந்துக்கான பச்சை. அதற்குள் நின்றால் முதுகில் கூடை இருக்கும், கங்காணி கத்துவார். இங்கே பச்சை சும்மா கிடந்தது. இவ்வளவு பெரிய புல்வெளியில் யாரும் ஒன்றும் பறிக்கவில்லை. இளஞ்சிவப்புப் பூவைக் கொட்டிவிட்டு மரங்கள் சும்மா நின்றன. ஊஞ்சல் ஆடுகிற பிள்ளைகளின் சத்தம், ஈரப் புல்லில் வெயில் ஏறும்போது வருகிற ஒரு வாசம், கச்சான் கடலை வறுக்கிற தாச்சியில் மணல் உரசுகிற சத்தம், வீதிக்கு அப்பால் வெள்ளைக் கட்டிடத்தின் பெரிய கும்மட்டம். இப்போதும் கண்ணை மூடினால் எல்லாம் ஒன்றாக வரும்.

ஆனால் போவதற்கு முன் நடக்கும் ஆயத்தத்தைச் சொல்ல வேண்டும். காலையில் நான் கல்லில் சந்தனம் உரைப்பேன். அம்மா அதைக் கடலைமாவோடு குழைத்துப் பேபியின் முகம், கழுத்து, கை எல்லாம் பூசுவார். வெயிலுக்குப் போகவென்றே மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை தைத்திருந்தார். காலில் முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளை மேசு. தலையில் தொப்பி. அதற்குமேல் ஐயாவின் பெரிய கறுப்புக் குடை, வளைந்த மரப்பிடி வைத்தது. குடை பிடிப்பது நான்.

புல்வெளியில் பாய் விரித்துப் பேபியை இருத்துவோம். அம்மா மரத்தடி வாங்கில் இருப்பார். நான் பேபிக்குப் பக்கத்தில் நின்று குடையைப் பிடிப்பேன். வெயில் நகர நகரக் குடையையும் நகர்த்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் அம்மாவின் குரல் வரும்.

“எடி பிள்ளை, காலடியில வெயில் விழுது. சரிச்சுப் பிடி.”

“சரிங்கம்மா.”

நீங்கள் சிரிப்பீர்கள். வெயில் காட்டக் கூட்டிவந்த பிள்ளைக்குக் குடை பிடித்தோம். ஆனால் அன்று எங்கள் யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. டொக்டர் வெயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார், கூட்டிவந்திருக்கிறோம். கறுக்கக்கூடாது, கறுக்காமல் பார்க்கிறோம். இரண்டு கடமையையும் அம்மா ஒரு குறையும் இல்லாமல் செய்தார். மழை இல்லாத ஒரு நாளைக்கூட விடவில்லை. தனக்குத் தலையிடி என்று ஒரு நாள் வீட்டில் நின்றதில்லை.

குடைக்குக் கீழே பேபியும் நானும் கதைப்போம். நிழலின் ஓரத்துக்கு நகர்ந்து போய் ஒரு விரலை மட்டும் வெயிலுக்குள் நீட்டுவாள். தொட்டுவிட்டு இழுத்துக்கொள்வாள். நெருப்பைத் தொட்டவள் மாதிரிச் சிரிப்பாள்.

“உனக்கு வெயில் சுடாதோ?”

“சுடாதுங்க பேபி.”

“ஏன்?”

“நா கறுப்புத்தானே.”

கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நானும் கறுப்பா வந்தா எனக்கும் சுடாதோ?”

“பேபி” என்றார் அம்மா வாங்கிலிருந்து. “கையை உள்ளுக்கை எடுங்கோ.”

ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஆடுகிற பிள்ளைகளின் பாவாடை காற்றில் குடை மாதிரி விரியும். எனக்குப் போக ஆசை. பேபிக்கும் ஆசை. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் கச்சான் விற்கிற சிங்களவர் ஒரு சின்னச் சுருள் கச்சானைப் பேபியிடம் நீட்டி, “நங்கி, சாப்பிடுங்க. என்ன வருத்தம் ஒங்களுக்கு?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். “வருத்தம் ஒண்டும் இல்லை, சுகமாத்தான் இருக்கிறா” என்று அம்மா எழும்பி வந்து சொன்னார். கச்சானையும் வாங்க விடவில்லை. அவர் போன பிறகு பேபியின் மேசு இரண்டையும் முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டார்.

இரண்டாம் முறை டொக்டரிடம் போனபோது அவர் பேபியின் காலை அமுக்க, அவள் அலறினாள். அவருக்குக் குழப்பம்.

“வெயிலில விட்டனீங்களோ?”

“ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு போறன் டொக்டர். இவளைக் கேளுங்கோ.”

“ஆமாங்கய்யா, தெனமும் போறோம்” என்றேன். பொய் இல்லையே.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்பிடியெண்டா இப்ப கொஞ்சமாவது தேறியிருக்க வேணும். கூடிக்கொண்டெல்லோ போகுது. இப்பிடியே வளைஞ்சு முத்திச்சுதெண்டா, பிறகு ஆஸ்பத்திரியில எலும்பை உடைச்சு வச்சுத்தான் நேராக்க வேணும். அதுவும் சரிவருமெண்டு சொல்லேலாது.”

உடைத்து என்ற சொல் பேபிக்கு விளங்கியது. வீடு வரும்வரை என் கையை விடவில்லை. அன்றிலிருந்து அம்மா காலையிலும் கூட்டிப்போனார், பின்னேரமும் கூட்டிப்போனார். அதே சந்தனம், அதே மேசு, அதே குடை.

பூ எல்லாம் கொட்டி முடிந்து வெயில் கடுமையாக ஏறிய ஒரு காலை. ஐயா கந்தோர் அலுவலாக எங்கேயோ போகிறவர், குறுக்கு வழியாகப் பார்க்குக்குள் வந்திருக்கிறார். முதலில் கண்டது நான்தான். கையில் ஒரு பைலோடு நடைபாதையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கில் அம்மா. புல்லில் நான். என் குடைக்குள் பேபி, கண் மட்டும் தெரிகிறது.

மெதுவாக வந்தார். குனிந்து உள்ளங்கையைக் குடை நிழலுக்குள் நீட்டினார். மழை விழுகிறதா என்று பார்ப்போமே, அப்படி.

“இதுவோ வெயில்?”

அம்மா எழும்பிவந்தார். “சுத்திவர வெயில்தானே நிக்குது. பாருங்கோ. வெயிலுக்கை நடுவிலதானே இருக்கிறா.”

ஐயா என்னைப் பார்த்தார். “பிள்ளை, குடையை மடி.”

“மடியாதை” என்றார் அம்மா.

நான் யார் சொல்வதைக் கேட்பது? பிடித்தபடியே நின்றேன். பேபி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“உமக்கு என்னப்பா விசரே?” என்றார் ஐயா. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. “எலும்பை உடைக்க வேணுமெண்டு அந்த மனிசன் சொல்லுது. நீர் சந்தனம் பூசிக்கொண்டு இருக்கிறீர்.”

அம்மா பேபியின் தொப்பியை நேராக்கினார். பிறகு பேசியது என்னிடமோ பேபியிடமோ இல்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றோம், எங்களுக்கும் காது இருந்தது.

“உங்கட அம்மா என்னைப் பாக்க வந்த நாள் ஞாபகம் இருக்கோ?”

“இப்ப ஏன் அது?”

“என்னை யன்னலுக்குப் பக்கத்தில வரச் சொன்னவ. வெளிச்சத்தில பாக்க. பாத்திட்டு எங்கட அம்மாட்டைக் கேட்டவ, சின்னவளையும் ஒருக்கா வரச் சொல்லுங்கோ எண்டு. என்ர தங்கச்சி வெள்ளையெல்லே. நான் தேத்தண்ணித் தட்டோட நிக்கிறன். அவள் வந்து எனக்குப் பக்கத்தில நிண்டவள். நீங்களும் அங்கைதான் இருந்தனீங்கள்.”

“நான் உம்மைத்தான் கேட்டனான்” என்றார் ஐயா.

“பிறகு கேட்டனீங்கள். வீட்டை போய்க் கேட்டனீங்கள். எனக்கு முன்னால கேக்கேல்லை.”

நான் வாழ்க்கையில் நிறையச் சண்டை பார்த்தவள், கொட்டாஞ்சேனையில் சண்டைக்குப் பஞ்சமா. ஆனால் அவ்வளவு தாழ்ந்த குரலில், ஊஞ்சலில் பிள்ளைகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில், இரண்டு பேர் அப்படிக் கதைத்ததை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

“இவளுக்கு அது வரக்கூடாது” என்றார் அம்மா. “ஆரும் என்ர பிள்ளையை யன்னலடியில நிப்பாட்டிப் பாக்கக்கூடாது.”

ஐயா வாங்கில் இருந்தார். பைலை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்.

“இவளையும் பாக்க வருவினம். வெள்ளைப் பிள்ளையெண்டு கேள்விப்பட்டு நாலு பேர் வருவினம்தான். வந்து இருப்பினம். இவளும் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினியில இருந்து விறாந்தைக்கு நடந்து வரவேணும்.” நிறுத்தினார். “நடந்து வரவேணும், என்ன?”

அம்மா பேபியைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. மேசு போட்ட இரண்டு காலையும் பார்த்தார்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், விட்டால் மறந்துவிடுவேன். அந்த வெயில் காலம் முழுக்கவும் அடுத்ததும் பேபியை வெறுங்காலோடு புல்லில் விட்டார்கள். கறுத்தாள், மாமி வேலிக்கு மேலால் பார்த்து ஐயோ என்றார், அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனார். கால் நேரானது, முழுக்க இல்லை. இடது காலில் கொஞ்சம் வளைவு நின்றுவிட்டது, பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எலும்பை உடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தானே நடந்து போகத் தொடங்கியதும் பிடித்து எழுப்ப ஆள் தேவைப்படவில்லை. என்னைக் கொட்டாஞ்சேனையில் ஐயாவுக்குத் தெரிந்த வேறொரு வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்லபடியாகத்தான் அனுப்பினார்கள், புதுச் சட்டை தைத்துக் கொடுத்து. அவள் பள்ளிக்கூடம் போனபோது இவளும் போகட்டும் என்று அந்த நல்ல மனிதர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. இப்போது பேபி எங்கேயோ குளிர் நாட்டில் இருக்கிறாளாம். வெள்ளவத்தைச் சந்தையில் அந்த ஒழுங்கைக்காரி ஒருத்தி சொன்னாள். அங்கே வெயில் இல்லை என்று டொக்டர் விழுங்கக் குளிசை கொடுக்கிறாராம். நான் அங்கே ஒரு காய்கறிக்காரருக்கு முன்னால் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோனார்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

அம்மா புல்லில் மண்டியிட்டார். சேலையில் ஈரம் படும் என்று பார்க்கவில்லை. பேபியின் மேசு இரண்டையும் தானே உருட்டிக் கழற்றினார். உள்ளே இருந்த கால்கள் வாழைத்தண்டின் நடுப்பகுதி மாதிரி இருந்தன. பச்சை நரம்பு தெரிந்தது. வீட்டின் அரை வெளிச்சத்தில் தினமும் நான் கழுவிய கால்கள்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் வளைவு வேறு மாதிரித் தெரிந்தது. ஐயா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா திரும்பவில்லை.

“மடி” என்றார் என்னிடம்.

குடையை மடித்தேன். பேபி கண்ணைச் சுருக்கினாள். தொப்பியைக் கழற்றினாள். எழும்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் காலை வைத்தாள்.

“குத்துது” என்றாள். பிறகு, “நல்லா இருக்கு” என்றாள். பிறகு என்னிடம், “ஓடுவமோ?”

புல்வெளியின் மறுகரையில் ஒரு பெரிய மரம் நின்றது. பேபி விரலால் அதைக் காட்டினாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“மெல்ல நடந்து போங்கோ, போதும்” என்றார் ஐயா.

“இல்லை, ஓடட்டும்” என்றார் அம்மா. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்து, பேபிக்குக் கேட்காமல் சொன்னார்: “நீயும் ஓடு. அவளுக்காக நிண்டு நிண்டு ஓடக்கூடாது, விட்டுக்குடுக்கவும் கூடாது. உன்னால எவ்வளவு ஏலுமோ அவ்வளவு ஓடு.”

“பேபி அழுவாங்கம்மா.”

“அழட்டும். அவள் எவ்வளவு பின்னால நிக்கிறாள் எண்டு நான் பாக்கவேணும்.”

“ஏனப்பா பிள்ளையை” என்று ஐயா தொடங்கினார்.

“நான் பாக்கவேணும்” என்றார் அம்மா மறுபடியும்.

எனக்கு அந்த வீட்டில் எத்தனையோ வேலை சொல்லியிருக்கிறார்கள். ஓடு என்று சொன்னது அன்றுதான். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். புல் காலுக்குக் கீழே நழுவியது. வெயில் முகத்தில் அடித்தது. காற்று காதுக்குள் இரைந்தது. பேபியை மறந்தேன், அம்மாவை மறந்தேன், எதற்காக ஓடுகிறேன் என்பதையும் மறந்தேன். மரத்தில் போய் இரண்டு கையாலும் மோதி நின்றபோது எனக்குச் சிரிப்பாக வந்தது, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன்.

பிறகு திரும்பிப் பார்த்தேன்.

பேபி பாதிகூட வரவில்லை. இரண்டு பக்கமும் ஆடி ஆடி, கையை விரித்து, விழப் பார்த்து, விழாமல் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் சந்தனம் வியர்வையில் கரைந்து கழுத்து வழியாக ஓடியது. அவளுக்குப் பின்னால் வெகுதூரத்தில் அம்மா மரநிழலை விட்டு வெளியே வந்து, தலையை மூடாமல், நல்ல வெயிலில் நின்றார். எனக்கும் பேபிக்கும் நடுவில் கிடந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா ஓடிவரப் பார்த்தார், அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேபி ஒருமுறை விழுந்தாள். அம்மா அசையவில்லை. எழுப்பிவிடும் வேலை என்னுடையது, ஆகவே நான் மரத்தை விட்டுவிட்டுக் கிளம்பினேன். பேபி கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

“வராதை. அங்கேயே நில்” என்றாள். “நான் வாறன்.”

நின்றேன். அவள் இரண்டு கையையும் புல்லில் ஊன்றி, முதலில் ஒரு காலை, பிறகு மற்றக் காலை இழுத்து, தானாக எழும்பினாள்.